தாத்தாவின் கோவையும் நேர்முகப் பரீட்சையும்

தாத்தா தனது முதலாவது நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த அன்று எங்கள் வீட்டில் எவரும் பகல் சாப்பாடு சாப்பிடவில்லை. உம்மா சோற்றைப் போட்டு மூடி வைத்தபடியே இருந்தது. தாத்தா அபாயாவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு ஒன்டும் செல்ல வரல்ல உம்மா" என்று மட்டும் சொன்னார். வாப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நான் அன்டைக்கே சென்னேனே மகள், இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு?" என்றார்.

வாப்பா அப்படிச் சொன்னதில் கோபத்தைவிட வெட்கமே அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அவருடைய சிறிய துணிக்கடை மூடப்பட்டது. அன்று தொடக்கம் அவர் வேறொருவரின் கடையில் நிற்கிறார். மகள் உழைத்து வீடு நடப்பதா என்ற எண்ணம் அவருக்கு. ஆனால் வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த ஒரு நாளின் தோல்வி எங்களுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. "இனிப் போக வேண்டாம்" என்று சொல்ல வாப்பாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா?

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறேன். வணிகக் கல்விப் பாடத்தில் மனிதவள முகாமைத்துவம் என்ற அலகு இருக்கிறது. ஆட்சேர்ப்பு, தெரிவு, நேர்முகப் பரீட்சையின் நோக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. தவணைப் பரீட்சையில் அந்த வினாவுக்கு எனக்கு முழுப் புள்ளி. ஆனால் அவ்வளவும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கான பாடம். இந்தப் பக்கம் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை நான் தாத்தாவோடு சேர்ந்து, ஏறத்தாழ ஐந்து மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கற்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாளில் நடந்தவற்றைச் சொல்ல வேண்டும். தாத்தா உயர்தரம் முடித்து, ஏஏடி இரண்டாம் கட்டம் வரை படித்தவர். கண்டியில் ஒரு கம்பனியில் கணக்கு உதவியாளர் பதவி வெற்றிடம். காலை 9.30க்கு நேர்முகம். எங்கள் ஊரிலிருந்து கண்டிக்குப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம்தான். 8.30க்கு பஸ் ஏறினால் போதும் என்று நினைத்தோம். மாத்தளை வீதியில் காலை நேரம் போனவர்களுக்குத் தெரியும், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டுவது என்பது தனிப் பயணம். தாத்தா உள்ளே நுழையும்போது 9.50. மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் இருந்தவர் "ஒயா கென டிகக் கியன்ன" என்றார். உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி. தாத்தா பெயர், ஊர், பாடசாலை, பாடங்கள் என்று நான்கு வசனம் சொல்லி நிறுத்திவிட்டார். பிறகு சான்றிதழ்களைப் பார்த்த அம்மணி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் சாதாரண தரப் பெறுபேற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனையால் ஏதோ குறித்துக்கொண்டார். "அறிவிக்கிறோம்" என்றார்கள். அறிவிக்கவில்லை.

அந்தச் சிவப்புப் பேனை விடயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனெனில் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, ஆனால் கேட்கப்படும் நாள் வரை தெரிவதில்லை.

எங்கள் பெயர்கள் நீளமானவை. வாப்பாவின் பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலருக்கு முதலெழுத்தாகச் சுருங்கும். பிறப்புப் பதிவு சிங்களத்திலோ தமிழிலோ இருக்கும். பாடசாலையில் சேர்க்கும்போது யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதுகிறார். பாத்திமா என்ற ஒரு பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஓரிடத்தில் 'எச்' எழுத்து உண்டு, மற்ற இடத்தில் இல்லை. தாத்தாவுக்கு அதோடு இன்னொரு குறையும் இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த நடுப்பெயர் பரீட்சைப் பெறுபேற்றில் விடுபட்டிருந்தது. நாங்கள் இதைச் சின்னப் பிழையாக நினைக்கிறோம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு, இரண்டு கடதாசியில் இரண்டு பேர்.

இதற்கு உடனடி வழி ஒன்று உண்டு. இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதைக் கோவையில் வைத்திருப்பது. தாத்தா இரண்டாவது முறை அப்படித்தான் செய்தார். ஆனால் அது காயத்துக்குப் பிளாஸ்ரர் ஒட்டுவது போன்றது. பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால், பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் திருத்துவதுதான் சரியான வேலை. அதற்குக் காலம் எடுக்கும். நேர்முகக் கடிதம் வந்த பிறகு ஓடினால் முடியாது.

இன்னொன்று. இப்போது தரப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை இலக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஜனவரி 10ஆம் திகதி பிறந்த ஆண் பிள்ளைக்கு 010 என்றால் பெண் பிள்ளைக்கு 510. எனவே சுயவிபரக் கோவையில் பிறந்த திகதியை அவசரத்தில் பிழையாகத் தட்டச்சு செய்தால், அதே பக்கத்தில் இருக்கும் அடையாள அட்டை இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இதைச் சொல்லித்தந்தது எங்கள் கணித ஆசிரியை. வகுப்பில் அன்று எல்லோரும் ஒருவர் அட்டையை ஒருவர் பறித்துப் பார்த்தோம்.

தாத்தாவின் கோவையில் கடைசியில் இருந்தவை இவை: அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், ஏஏடி சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்று, கிராம உத்தியோகத்தரிடம் பெற்றுப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்த நற்சான்றிதழ். மூலப் பிரதிகள் ஒரு பக்கம், போட்டோப் பிரதிகள் இரண்டு தொகுதி மறுபக்கம். கேட்கும் ஒழுங்கிலேயே அடுக்கியிருந்தார். மூலப் பிரதியைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. அதேபோல, நேர்முகத்துக்கு முன்னரே பதிவுக்கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று காசு கேட்கும் இடம் வேலை கொடுக்கும் இடமல்ல. பெற்றோர் இதை வாசித்தால் இந்த ஒரு வசனத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சரி, கோவை ஆயிற்று. ஆனால் அந்த நான்கு வசனம்?

நான்காம் நாள் இரவு நான்தான் சொன்னேன், "தாத்தா, நான் கேக்கேன், நீங்க செல்லுங்க" என்று. மேசையின் அந்தப் பக்கம் வாப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மூன்று இரவும் சிரிப்பிலேயே போனது. நான்காவது இரவு தாத்தா அழுதுவிட்டார். "என்னப் பத்தி செல்ல என்ன ஈக்கி?" என்றார். எனக்கு அது மறக்க முடியாத வார்த்தை. பதின்மூன்று வருடம் பாடசாலை போன ஒருவர், வீட்டின் கணக்கு முழுவதையும் பார்க்கிற ஒருவர், தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்கிறார். அடக்கம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததை நாங்கள் இப்படித்தான் விளங்கி வைத்திருக்கிறோமோ என்று யோசித்தேன். பெருமையடிப்பது வேறு, செய்ததைச் செய்தேன் என்று சொல்வது வேறு.

உம்மாதான் அந்த முடிச்சை அவிழ்த்தார். அடுப்படியில் இருந்தபடியே, "அந்த வர்த்தக தினத்துக் கணக்கச் செல்லுங்களே" என்றார். தாத்தா உயர்தரம் படிக்கும்போது பாடசாலை வர்த்தக தினத்தில் அவர்களுடைய கூடத்தின் காசுப் பொறுப்பு அவரிடம் இருந்தது. மாலையில் 350 ரூபா குறைந்தது. எல்லோரும் தலைக்கு இவ்வளவு என்று போட்டுச் சமாளிக்கலாம் என்றார்கள். தாத்தா விடவில்லை. பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஐஸ் கட்டி வாங்கிய செலவு எழுதப்படாமல் இருந்ததைக் கண்டுபிடித்தார். "நான் பொறுப்பானவள், நேர்மையானவள்" என்று பத்துத் தடவை சொல்வதைவிட இந்த ஒரு கதை போதும். பொறுப்பானவள் என்று எவரும் சொல்லலாம். 350 ரூபாவைத் தேடியவர்தான் அந்தக் கதையைச் சொல்லலாம்.

அதன் பிறகு எங்கள் முறை மாறியது. விளம்பரத்தை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுவோம். அதில் கேட்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு தகைமைக்கும் எதிரே தாத்தாவின் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம். கணினி அறிவு என்றால், மாமாவின் கடைக்கு எக்செல்லில் கடன் பட்டியல் செய்து கொடுத்தது. குழுவாக வேலை செய்தல் என்றால், இல்ல விளையாட்டுப் போட்டி. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதினோம். கணக்கு மென்பொருள் எதுவும் தாத்தாவுக்குத் தெரியாது. அதைத் தெரியும் என்று சொல்வதில்லை என்று தீர்மானித்தோம். "இன்னும் பழகவில்லை, இரட்டைப் பதிவு நன்றாகத் தெரிந்ததால் பழகிக்கொள்ளலாம்" என்பதே விடை. இரண்டாவது நேர்முகத்தில் அந்தக் கேள்வி உண்மையாகவே வந்தது.

தன்னைப் பற்றிச் சொல்வதை இரண்டு நிமிடத்துக்கு அமைத்தோம். ஊர், குடும்பம் ஒரு வசனத்துக்கு மேல் வேண்டாம். படித்தது, செய்தது, ஏன் இந்த வேலை. அவ்வளவுதான். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்டபோது தாத்தா ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் குரலை விழுங்குவது தெரிந்தது. மனப்பாடம் செய்வதை நான் தடுத்தேன். ஒரு நாள் மனப்பாடம் செய்து சொன்னார், நடுவில் நான் "எத்தனை மணி?" என்று கேட்டதும் முழுவதும் மறந்துவிட்டது. குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் வேறு வார்த்தையில் சொல்லச் சொன்னேன்.

பாட அறிவையும் விட்டுவிட முடியாது. கணக்கு வேலைக்குப் போகிறவரிடம் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஏன் தயாரிக்கிறோம் என்று கேட்பார்கள். புத்தக வரைவிலக்கணம் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வோம். எங்கள் காசேட்டில் கொடுத்ததாக எழுதிய காசோலையை, பெற்றவர் இன்னும் வங்கியில் சமர்ப்பிக்கவில்லை. வங்கி அறவிட்ட கட்டணத்தை நாங்கள் இன்னும் எழுதவில்லை. அதனால் இரண்டு மீதியும் ஒன்றாக இருப்பதில்லை, ஏன் வேறுபடுகிறது என்பதைக் காட்டத்தான் அந்தக் கூற்று. இப்படி ஒரு கடைக்காரருக்கு விளங்கப்படுத்துவது போலச் சொல்லிப் பழக வேண்டும். வாப்பாதான் அந்தக் கடைக்காரர். அவர் அறியாமலேயே எங்கள் ஒத்திகைக்குள் வந்துவிட்டார்.

மொழியைப் பற்றி ஒரு பேச்சு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அரசாங்க சேவைக்கு ஆட்களைச் சேர்க்கும் பரீட்சைகளில் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றுவதற்கு உரிமை தருகிறது. சேர்ந்த பிறகு நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியைக் கற்க வேண்டி வரலாம் என்பதும் அதோடு சேர்ந்தது. தனியார் கம்பனியில் அப்படி எதிர்பார்க்க முடியாது. கண்டியில் சிங்களத்தில்தான் பேசுவார்கள், ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு கேட்பார்கள். எங்களுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாகவே தெரியும். பஸ்ஸில் சண்டை பிடிக்கக்கூடத் தெரியும். ஆனால் பெரியவர்கள் முன்னிலையில் பேசும் சிங்களம் வேறு. தாத்தா பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியையிடம் கிழமைக்கு இரண்டு நாள் போய்ப் பேசிப் பழகினார். விளங்காத கேள்வியை விளங்கியது போலத் தலையாட்டாமல், மறுபடி சொல்லும்படி மரியாதையாகக் கேட்கும் வசனத்தைத்தான் அந்த ஆசிரியை முதல் நாளே சொல்லிக்கொடுத்தாராம்.

சில கேள்விகள் பெண் பிள்ளைகளிடம் மட்டுமே கேட்கப்படும். "கல்யாணம் முடித்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?" இரண்டாவது இடத்தில் இதைக் கேட்டார்கள். இது கேட்கத் தகுந்த கேள்வியல்ல என்பதே என் அபிப்பிராயம், நானாவிடம் எவரும் இதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் தாத்தாவுக்கு வேலை வேண்டும், வாதம் அல்ல. "எங்கள் வீட்டில் பேசிவிட்டுத்தான் விண்ணப்பித்தேன், வாப்பாவின் சம்மதத்தோடு வந்திருக்கிறேன், நீண்ட காலம் வேலை செய்யும் எண்ணம் இருக்கிறது" என்று அமைதியாகச் சொன்னாராம். வாப்பாவின் சம்மதம் அப்போது முழுவதாகக் கிடைத்திருக்கவில்லை. அன்று இரவு தாத்தா அதை வாப்பாவிடமே ஒப்புக்கொண்டார். "அப்படி செல்லிட்டு வந்துட்டேன் வாப்பா, பொய்யாக்கிடாதீங்க." வாப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே கடையில் சொல்லி, தாத்தாவின் சப்பாத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

சலாம், கைகுலுக்கல் போன்றவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. ஆண் ஒருவர் கையை நீட்டினால், நெஞ்சில் கை வைத்து, முகத்தில் சிரிப்போடு "குட் மோர்னிங் சேர்" என்றால் போதும். தடுமாறி நின்றால்தான் இரு பக்கமும் சங்கடம். லுஹர் தொழுகைக்கு நேரம் பற்றி வேலை கிடைத்த பின் பேசலாம் என்று சிலர் சொல்வார்கள். தாத்தா நேர்முகத்தின் கடைசியில், பகல் இடைவேளையில் பத்து நிமிடம் போதும் என்று தானாகவே சொன்னார். எவரும் மறுக்கவில்லை. உடையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சுத்தமாக, அழுத்தியதாக, ஊசி குத்தி மூச்சுத் திணறாததாக இருந்தால் சரி.

சம்பளப் பேச்சு வந்தால் வெட்கப்படுகிறோம். "நீங்க தாறதத் தாங்க" என்பது கல்யாண வீட்டுச் சமையலுக்குச் சரி, இங்கே சரியில்லை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், தொழில் தருநர் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம் அவர்தான் போட வேண்டும். 40,000 ரூபாவுக்கு இதைக் கணக்கிட்டால், எங்களிடமிருந்து 3,200, அவர்களிடமிருந்து 4,800உம் 1,200உம். சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் சின்ன இடங்களில் "அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்பார்கள். நியமனக் கடிதம் எப்போது கிடைக்கும் என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல.

இரண்டாவது நேர்முகத்திலும் தாத்தாவுக்கு வேலை கிடைக்கவில்லை. நன்றாகவே செய்திருந்தார், முந்தைய நாள் அதே பஸ்ஸில் அதே நேரத்தில் போய்ப் பார்த்து, அன்று முக்கால் மணித்தியாலம் முன்கூட்டியே போய் இருந்தார். ஆனால் இரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துவிட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். எவ்வளவு தயாரானாலும் எங்கள் கையில் இல்லாதது ஒன்று இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் அன்று பகல் எல்லோரும் சாப்பிட்டோம். தாத்தா சாப்பிட்டுக்கொண்டே, கேட்ட கேள்விகளை மறக்குமுன் கொப்பியில் எழுதச் சொன்னார். பதினொரு கேள்வி. அடுத்த ஒத்திகைக்கு அதுவே வினாத்தாள்.

மூன்றாவது, கட்டுகஸ்தோட்டையில் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு சிறிய நிறுவனம். பாலத்தைத் தாண்டவே தேவையில்லை. அந்தப் பதினொரு கேள்வியில் ஏழு திரும்ப வந்தன. முதலாளியம்மா ஒரு வயதான சிங்களப் பெண்மணி. 350 ரூபா கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ஐஸ் கட்டியா?" என்று திரும்பக் கேட்டாராம். ஒன்பதாவது நாள் அழைப்பு வந்தது. தொலைபேசியை எடுத்தது வாப்பா. இப்போது மாதக் கடைசியில் தாத்தாவின் சம்பளச் சீட்டை அவர்தான் முதலில் வாசிக்கிறார், அந்த 8 வீதம் சரியா என்று பார்ப்பதற்கு.

கோவை இப்போது என்னிடம் வந்துவிட்டது. என் கடதாசிகளை அதில் அடுக்க எடுத்தபோதுதான் பார்த்தேன், என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வாப்பாவின் பெயர் ஓர் எழுத்துக் குறைவு. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. வரும் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, வாப்பாவும் நானும் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.